உப்பு யார் செய்தது? உற்பத்தியாளரையும் நுகர்வோரையும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது

ஐந்து வயதுக் குழந்தையிடம் "உற்பத்தியாளர் என்றால் யார்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். "இந்த உப்பை யார் செய்தது?" என்று கேட்டால் தயங்காமல் "கடைக்காரர்" என்று சொல்லும். அந்தப் பதிலைத் திருத்த அவசரப்பட வேண்டாம். அந்த வயதில் எல்லாப் பொருள்களும் கடையில்தான் பிறக்கின்றன. கடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் போதும், பாடம் தானே வந்துவிடும்.

முதலில் பெரியவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு வரையறை. ஒரு பொருளை உருவாக்குகிறவர், அல்லது ஒரு சேவையைச் செய்து தருகிறவர் உற்பத்தியாளர். அந்தப் பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர், அந்தச் சேவையைப் பெறுகிறவர் நுகர்வோர். அவ்வளவுதான். இரண்டே வரியில் முடிந்துவிடுவதால், சொல்லிக்கொடுப்பதும் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். வழக்கமான பயிற்சித்தாளைப் பாருங்கள். இடப்பக்கம் விவசாயி, தச்சர், தையல்காரர். வலப்பக்கம் பையோடு நிற்கும் ஒரு பெண், ஐஸ்கிரீம் சாப்பிடும் ஒரு சிறுவன். கோடு போட்டுப் பொருத்த வேண்டும். குழந்தை பொருத்திவிடும், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். பிறகு அதே குழந்தையிடம் "இந்த விவசாயி நுகர்வோரா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை, அவர் உற்பத்தியாளர்" என்று அடித்துச் சொல்லும். உலகத்தில் செய்கிறவர்கள் என்று ஒரு கூட்டம், வாங்குகிறவர்கள் என்று இன்னொரு கூட்டம் இருப்பதாக அது கற்றுக்கொண்டுவிட்டது. அந்த விவசாயி சோப்பு வாங்க மாட்டாரா, பஸ்ஸில் ஏற மாட்டாரா என்ற எண்ணம் அதன் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

ஒருவர் உற்பத்தியாளரா நுகர்வோரா என்பது அந்த நேரத்துக் கொடுக்கல் வாங்கலைப் பொறுத்தது. காலையில் இட்லி விற்றவர் மாலையில் மருந்துக் கடை வரிசையில் நிற்பார். இந்த ஒன்று குழந்தையின் மனதில் பதிந்துவிட்டால் வரையறையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். இது பதியாமல் வரையறை மட்டும் பதிந்தால், பின்னால் அதை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு எந்தப் பொருளை எடுப்பது? பலரும் பால் அல்லது ரொட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவையும் நல்லவைதான். நான் உப்பைச் சொல்வேன். எல்லா வீட்டிலும் இருக்கிறது, மலிவானது, கொட்டினாலும் பெரிதாகத் திட்டு விழாது. முக்கியமாக, அது உருவாகும் விதத்தில் குழந்தைக்குப் புரியாத இயந்திரம் எதுவும் இல்லை. உப்புநீர், வெயில், காற்று, மனித உழைப்பு, இவ்வளவே.

தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதைக் குழந்தைக்குக் கதைபோலச் சொல்லலாம். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத் முதலிடத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்து தமிழ்நாடு, தமிழ்நாட்டில் தூத்துக்குடி. கடல்நீரையோ, கடலோரக் கிணறுகளில் ஊறும் உப்புநீரையோ இறைத்து ஆழமில்லாத பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். அதற்கு முன்பே பாத்தியின் தரையை மிதித்து, தட்டி, கெட்டிப்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், உப்பிலும் சேறு கலந்துவிடும். வெயிலில் நீர் வற்றவற்ற உப்புநீர் அடர்த்தியாகிறது. முதலில் ஜிப்சம் போன்ற வேண்டாத உப்புகள் அடியில் படிகின்றன. அடர்ந்த நீரை மட்டும் அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் நாம் சாப்பிடும் உப்பு படிகமாக விளைகிறது. கடைசிச் சொட்டுவரை வற்ற விடக்கூடாது. எஞ்சியிருக்கும் நீரில் மெக்னீசியம் உப்புகள் இருக்கும், அதையும் காயவிட்டால் உப்பு கசக்கும். ஆகவே அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். பிறகு நீண்ட கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வரப்புக்கு வாரி, கூடையில் சுமந்து, அம்பாரமாகக் குவிக்கிறார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அதுவரை ஆண்டின் பெரும்பகுதி இதுதான் அங்கே நடக்கும்.

கசப்பு நீரை வடிக்கும் கட்டம் வரும்போது குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நீரை எப்போது வடிக்க வேண்டும் என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும், வெயிலுக்குத் தெரியாது. உற்பத்தி என்றால் பொருளோடு அறிவும் சேர்ந்தது என்பதைத் தனியாகப் போதிக்கத் தேவையில்லை.

சொன்னதைச் செய்தும் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா வகை உப்புகளும் சேர்த்து ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து, அகலமான பீங்கான் தட்டிலோ கண்ணாடித் தட்டிலோ ஊற்றி, மெல்லிய துணியால் மூடி மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், கறை பிடிக்கும். நல்ல கோடையாக இருந்தால் சில நாள்களில் சின்னச் சின்னச் சதுரப் படிகங்கள் தெரியும். குழந்தை தினமும் போய் எட்டிப்பார்க்கும், நடுவில் விரலை விட்டுக் கலக்கியும் வைக்கும். மழை வந்து எல்லாம் பாழானாலும் நல்லதுதான். உப்பளத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது. கொஞ்சம் விவரமான குழந்தை "கடையில் வாங்கிய உப்பிலிருந்தே உப்பு செய்தால் நாம் எப்படி உற்பத்தியாளர் ஆவோம்?" என்று மடக்கும். மடக்கினால் மகிழ்ச்சியடையுங்கள். நாம் செய்தது விளையாட்டு என்று ஒப்புக்கொண்டுவிடுவதே மரியாதை.

இனி, பாடத்தின் நடுப்பகுதி. உப்பை விளைவித்தவர் அதை என்ன செய்வார்? அவ்வளவு உப்பையும் அவரே சாப்பிட முடியாது. உப்பை மட்டும் தின்று உயிர்வாழவும் முடியாது. அவருக்கு அரிசி வேண்டும், செருப்பு வேண்டும், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும். அவற்றை வாங்கும் நேரத்தில் அவர் நுகர்வோர். அந்த அரிசியை விளைவித்தவர் வீட்டிலோ உப்பு இருக்கிறது. இப்படிச் சொன்னதும் பெரும்பாலான குழந்தைகள் "அப்போது இரண்டு பேரும் இரண்டும்தான்!" என்று கூவிவிடும். கூவாவிட்டால் பழங்காலத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

சங்க காலத்தில் உமணர்கள் என்று உப்பு வணிகர்கள் இருந்தார்கள். நெய்தல் நிலத்து உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, கூட்டம் கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குப் போவார்கள். அங்கே தெருத்தெருவாகக் கூவி, நெல்லை வாங்கிக்கொண்டு உப்பைக் கொடுத்தார்கள் என்று பாடல்கள் சொல்கின்றன. அந்தக் காட்சியை ஒரு குழந்தையிடம் வரையச் சொல்லுங்கள். ஒருவர் கையில் உப்பு, இன்னொருவர் கையில் நெல். இதில் யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர்? பிரித்துச் சொல்லவே முடியாது. இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் வாங்குகிறார்கள்.

பணம் வந்த பிறகுதான் இந்தப் படம் மங்கிப்போனது. நாம் கடையில் பணத்தை நீட்டும்போது, அந்தப் பணம் எந்த உழைப்பிலிருந்து வந்தது என்பது அந்த இடத்தில் தெரிவதில்லை. அப்பா காலை எட்டு மணிக்குக் கிளம்பிப்போய் யாருக்கோ ஏதோ செய்து கொடுத்ததும், இங்கே ஒரு பாக்கெட் உப்பு வாங்கியதும் ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகள் என்பது குழந்தையின் கண்ணுக்குப் படாது. பணத்தைக் கொஞ்ச நேரம் அகற்றி வைத்துவிட்டுக் கற்பிப்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். நேராகக் கடை விளையாட்டில் தொடங்கினால் எல்லாக் குழந்தைகளும் கல்லாவில் உட்காரவே சண்டை போடும். வேறெதுவும் நடக்காது.

ஆகவே முதல் ஆட்டம் பண்டமாற்று. ஐந்தாறு பிள்ளைகள் போதும், வகுப்பாக இருந்தால் சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். ஒரு குழந்தை காகிதக் கப்பல் செய்யட்டும், ஒன்று பனையோலைக் காற்றாடி, ஒன்று களிமண் பொம்மை. ஒன்றும் செய்யத் தெரியாத குழந்தை இருந்தால் ஒரு பாட்டுப் பாடட்டும், அதன் காரணம் பின்னால் வரும். அரை மணி நேரம் உற்பத்தி, பிறகு சந்தை. விதி ஒன்றே ஒன்று: மாற்றிக்கொள்ளும்போது "நான் இதைக் கொடுக்கிறேன், இதைப் பெறுகிறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லும்போது அந்தக் குழந்தை உற்பத்தியாளர், இரண்டாம் பாதியில் நுகர்வோர். இந்தச் சொற்களை ஆட்டத்தின் நடுவில்தான் அறிமுகப்படுத்த வேண்டும், முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஆட்டம் தேர்வாகிவிடும்.

சிறிது நேரத்தில் ஒரு சிக்கல் எழும், எழாமல் இருந்ததில்லை. கப்பல் வைத்திருக்கும் குழந்தைக்குக் காற்றாடி வேண்டும். காற்றாடிக்காரருக்குக் கப்பல் வேண்டாம், பொம்மைதான் வேண்டும். பொம்மை செய்தவர் கப்பலைக் கேட்கிறார். மூன்று பேரும் வட்டமாகச் சுற்றி, யார் முதலில் கொடுப்பது என்று வாக்குவாதம் செய்வார்கள். அந்தச் சமயம் பார்த்து ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். பணம் ஏன் தேவைப்பட்டது என்பதைக் குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். முடிவில் ஒவ்வொரு புளியங்கொட்டைக்கும் பின்னால் யாரோ செய்த ஒரு கப்பலோ பொம்மையோ இருக்கிறது என்பதும் அவர்கள் கைக்கு வந்த அனுபவமாகிவிடும்.

பாட்டுப் பாடிய குழந்தையின் விஷயத்துக்கு வருவோம். சேவையை விளக்குவதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி. கப்பலைத் தொட்டுப் பார்க்கலாம், பாட்டைத் தொட முடியாது. "அவள் என்ன செய்தாள்? ஒன்றுமே செய்யவில்லையே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் யாரோ ஒரு குழந்தை இரண்டு புளியங்கொட்டை கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்டிருக்கும். ஏன் கொடுத்தாய் என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள். அங்கிருந்து முடிவெட்டுகிறவர், பஸ் ஓட்டுநர், செவிலியர், ஆசிரியர் என்று பட்டியல் தானாக நீளும். முடிவெட்டும் கடை நல்ல உதாரணம். கடைக்குப் போகும்போது தலையில் இருந்ததைக் குறைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார், அதற்குப் பணமும் வாங்குகிறார். இந்த வேடிக்கை குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கடைக்காரர் உற்பத்தியாளரா என்ற கேள்வி வந்தே தீரும். அவர் உப்பை விளைவிக்கவில்லை. ஆனால் எங்கோ கிடக்கும் உப்பை நம் தெருவுக்குக் கொண்டுவந்து, நமக்கு வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் தருகிறார். அந்த வேலை ஒரு சேவை. லாரி ஓட்டுநரும் அப்படியே. கடைக்காரர் "சும்மா நடுவில் நிற்பவர்" என்று சொல்லி விட்டுவிடுவது அவருக்கும் நியாயமில்லை, பாடத்துக்கும் நியாயமில்லை.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது: அம்மா உற்பத்தியாளரா? வீட்டில் சமைப்பது யாராக இருந்தாலும் அவரை வைத்து இந்தக் கேள்வியைக் குழந்தை கேட்கும். நாடுகள் தங்கள் மொத்த உற்பத்தியைக் கணக்கிடப் பின்பற்றும் பன்னாட்டு விதிகளில் ஒரு விநோதம் உண்டு. வீட்டுத் தேவைக்காகத் தோட்டத்தில் விளைவித்த கத்தரிக்காயை உற்பத்தி என்று கணக்கில் சேர்க்கலாம். அதே கத்தரிக்காயை வைத்து வீட்டாருக்காகச் செய்த குழம்பு கணக்கில் வராது. அதே குழம்பை ஓட்டலில் செய்தால் உடனே கணக்கில் ஏறிவிடும். பொருளாதார வல்லுநர்களுக்கு இதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அளவிடுவது கடினம் என்பது அவற்றில் முதன்மையானது. ஏழு வயதுக் குழந்தையிடம் அந்தக் காரணங்களைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவும் உற்பத்தியாளர்தான், விலை போடவில்லை, அவ்வளவே என்று சொல்லிவிடலாம். வரையறைப்படியும் அதில் பிழையில்லை.

உற்பத்தியாளரை நேரில் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு உழவர் சந்தையைவிட வசதியான இடம் இல்லை. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. புகைப்பட அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் தாங்கள் விளைவித்ததைத் தாங்களே விற்கிறார்கள். அன்றைய விலைகளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். விடியற்காலையில் போனால்தான் சந்தை களைகட்டியிருக்கும், குழந்தையை எழுப்புவது உங்கள் பாடு. அங்கே போனதும் "இது எந்த ஊரில் விளைந்தது, எத்தனை நாளில் காய்த்தது" என்று கேட்கச் சொல்லுங்கள். இவை எல்லாரும் கேட்கிற கேள்விகள். அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: "நீங்கள் வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவீர்கள்?" கீரை விற்கிறவர் மாட்டுக்குத் தீவனம் என்பார், பேத்திக்கு மிட்டாய் என்பார், தைலம் என்பார். பயிற்சித்தாளில் போட்ட கோடு அந்த ஒரு பதிலில் அழிந்துவிடும்.

நுகர்வோருக்கும் வேலை இருக்கிறது என்பதை ஆறேழு வயதிலிருந்தே பழக்கலாம். உப்பு பாக்கெட்டைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கும், எடை இருக்கும், தேதி இருக்கும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும் இருக்கும். அயோடின் கலந்த உப்பு என்றும் எழுதியிருக்கும். அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும் என்பதே காரணம். இதற்கான விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைக்கு வரும்போது உப்பில் பத்து லட்சம் பங்கில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும், தயாரிக்கும் இடத்தில் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். வழியில் கொஞ்சம் ஆவியாகிப்போகும் என்பதையும் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. குழந்தைக்கு இந்த எண்கள் வேண்டாம். ஆனால் செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு என்பதைச் சொல்லலாம். கடையில் ரசீது கேட்டு வாங்கும் வேலையைக் குழந்தையிடமே ஒப்படைத்துவிடுங்கள், அவ்வளவு கண்டிப்பான நுகர்வோரைக் கடைக்காரர் பார்த்திருக்க மாட்டார். இந்தியாவில் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். 1986இல் அந்த நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்த ஒரு தேதி தேடுகிற ஆசிரியர்களுக்கு இது உதவும்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. குழந்தை மேல் வகுப்புக்குப் போனதும் அறிவியல் பாடத்திலும் உற்பத்தியாளர், நுகர்வோர் என்று படிக்கும். அங்கே புல்தான் உற்பத்தியாளர், ஆடும் புலியும் நுகர்வோர், விவசாயியும் நுகர்வோர்தான். தனக்கு வேண்டிய உணவைச் சூரிய ஒளியிலிருந்து தானே தயாரித்துக்கொள்ள மனிதனால் முடியாது. உணவுச் சங்கிலியில் ஆடு ஒருநாளும் புல்லின் இடத்துக்கு வர முடியாது. சந்தையிலோ இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. "சமூக அறிவியலில் உற்பத்தியாளர் என்றீர்களே, இங்கே ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், அறிவியலில் வருவது சாப்பாட்டின் கணக்கு, சமூக அறிவியலில் வருவது கொடுக்கல் வாங்கலின் கணக்கு என்று பிரித்துக் காட்டினால் போதும். சின்ன வயதில் இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாமல் இருப்பது இன்னும் நல்லது.

எட்டு வயதை ஒட்டிய குழந்தைகள் ஒரு படி மேலே போய் விலையைப் பற்றிக் கேட்பார்கள். "ஒரு பாக்கெட் உப்புக்கு நாம் கொடுக்கும் பணத்தில் உப்பு வாருகிற அக்காவுக்கு எவ்வளவு போகும்?" என்பது அந்தக் கேள்வி. கையில் இல்லாத எண்ணைக் கற்பனையாகச் சொல்லக்கூடாது. உப்பளத்தில் வேலை செய்பவர், உப்பளத்தின் உரிமையாளர், லாரிக்காரர், அயோடின் கலந்து பாக்கெட்டில் அடைக்கும் ஆலை, மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வரையச் சொல்லி, ஒரே பாக்கெட்டின் விலை இத்தனை பேருக்கும் பிரிகிறது என்று காட்டலாம். உப்பளத் தொழிலாளிகளுக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது, வெயிலில் வெண்மையாக மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பாதிக்கும், உப்புநீரில் நின்று நின்று காலில் புண் வரும். இதையும் அளவாகச் சொல்லலாம். எட்டு வயதுக்கு இது பெரிய பாரம் என்று சிலர் நினைப்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. கேட்கிற குழந்தைக்கு உண்மையான பதில் வேண்டும்.

"அப்படியென்றால் குழந்தைகள் நாங்கள் நுகர்வோர் மட்டும்தானா?" என்று கேட்பவர்களும் உண்டு. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்பது இந்தியச் சட்டம், ஆகவே சம்பளத்துக்காக உற்பத்தி செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிற குழந்தை ஒரு சேவை செய்கிறது, தொட்டியில் வெந்தயக்கீரை விதைத்துப் பறிக்கிற குழந்தை ஒரு பொருளை உற்பத்தி செய்கிறது. வெந்தயக்கீரை மூன்று வாரம், நான்கு வாரத்தில் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். பொறுமை குறைந்த உற்பத்தியாளர்களுக்கு ஏற்ற பயிர்.